அலுமாரியை உரிக்க முதல்

கொழும்பில இப்ப ஒரு மோகம் ஓடுது. பழைய மர அலுமாரி ஒண்டைத் தேடிப் பிடிக்கிறது, கறுத்துப்போன பொலிஷை உரிக்கிறது, சாண்ட் பேப்பரால தேய்க்கிறது, வெளிர் மரமாக்கிப் புது ஃப்ளாட்டின் முன்னறையில நிப்பாட்டுறது. ரீல்ஸில் முழு வேலையும் 30 செக்கனில் முடிந்துவிடும். கடைசியில் பளிச்சென்று ஒரு அலுமாரி. கீழே எப்பவும் ஒரே மாதிரியான வசனம்: மரத்தின் உண்மையான நிறம் இதுதான்.

வரலாறு படிக்கிற எங்களுக்கு இந்த வசனத்தில்தான் பிரச்சினை. உண்மையான நிறம் எண்டால் எந்த ஆண்டின் நிறம்? தச்சர் சீவி முடித்த நாளில் இருந்ததா? அம்மம்மாவின் கலியாணத்துக்குப் பொலிஷ் போட்ட நாளில் இருந்ததா? பிறகு யாரோ கிறீம் நிறப் பெயின்ற் அடித்த நாளில் இருந்ததா? ஒரு அலுமாரிக்கு ஒரு நிறம் இல்லை. அது நின்ற ஒவ்வொரு காலமும் அதில் ஒரு படையை விட்டுவிட்டுப் போயிருக்கிறது. அந்தப் படைகளை ஊத்தை எண்டு நினைத்து ஒரு பின்னேரத்தில் வழித்து எறியிறம்.

இதில் என்ன பெரிய விசயம் எண்டு கேட்கலாம். வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் இருக்கிற தமிழ்க் குடும்பங்களைப் பொறுத்தவரை இது பெரிய விசயம்தான். உறுதி, சான்றிதழ், கலியாணப் படம், கடிதம் எல்லாம் ஒரு தடவையாவது தொலைந்த அல்லது எரிந்த வீடுகள் எங்கட வீடுகள். அப்படியான வீட்டில் ஒரு பழைய அலுமாரி தப்பி நிற்கிறது எண்டால் அதுவும் ஒரு ஆவணம்தான். உரிக்க வேண்டாம் எண்டு நாங்கள் சொல்ல வரேல்ல. வாசிக்காமல் உரிக்க வேண்டாம் எண்டுதான் சொல்லுறம்.

பெயரில் இருந்தே தொடங்குவம்

அலுமாரி தமிழ்ச் சொல் இல்லை. போர்த்துக்கேய மொழியில் அதை ‘அர்மாரியு’ என்பார்கள். நாங்கள் இருக்கிற கதிரை, சாப்பிடுகிற மேசை, விறாந்தையில் கிடக்கிற வாங்கு, திறக்கிற யன்னல், பூட்டுகிற சாவி எல்லாமே போர்த்துக்கேயர் விட்டுப்போன சொற்கள். அலுமாரிக்குள் இழுக்கிற லாச்சி மட்டும் ஒல்லாந்தருடையது. அவர்களுடைய ‘லாட்சே’ எங்கட வாயில் லாச்சியாகியது. அதாவது அலுமாரி ஒரு பேரரசின் சொல், அதன் லாச்சி அடுத்த பேரரசின் சொல். பாக்கு நீரிணைக்கு அங்கால தமிழ்நாட்டில் இதே பொருளைப் பீரோ எண்டுதான் கனபேர் சொல்லுவினம். அது பிரெஞ்சுச் சொல்.

இன்னொரு சொல்லும் இருக்கு. மரவேலை செய்கிறவரைக் கொழும்பில் நாங்கள் ‘பாஸ்’ எண்டுதான் கூப்பிடுவம். சிங்களத்திலும் அப்படித்தான். இது ஒல்லாந்த மொழியின் ‘பாஸ்’, அதாவது எசமான், மேலாள். இதே சொல் அமெரிக்காவுக்குப் போய் ஆங்கிலத்தில் முதலாளியைக் குறிக்கிற பாஸ் ஆகியது. எங்கட ஊரில் உளியும் இழைப்புளியும் பிடிக்கிறவருக்கு அந்தப் பெயர் நிலைத்தது. எங்களுக்கு இந்தப் பொருத்தம் பிடிச்சிருக்கு.

எல்லாச் சொல்லும் வெளியிலிருந்து வந்ததும் இல்லை. ஒல்லாந்தர் காலத் தளபாடம் பற்றிய ஆங்கிலப் புத்தகங்களிலும் ஏலப் பட்டியல்களிலும் பித்தளைப் பட்டி அடித்த பெரிய மரப்பெட்டிக்கு ‘பெட்டகம’ எண்டு ஒரு பெயர் வரும். அது சிங்களத்தில் இருந்து ஆங்கிலத்துக்குப் போனது. சிங்களத்துக்கு அது எங்கட ‘பெட்டகம்’ என்ற சொல்லில் இருந்து போனது. யாழ்ப்பாணத்துப் பழைய வீடுகளில் நெல்லும் பித்தளைச் சாமானும் வைத்த அதே பெட்டகம்தான். அலுமாரி வர முதல் எங்கட வீடுகளில் அதின்ர வேலையைச் செய்தது பெட்டகம்.

ஒல்லாந்தரின் அலுமாரி மினுங்கவில்லை

போர்த்துக்கேயரிடமிருந்து ஒல்லாந்தர் கொழும்பைப் பிடித்தது 1656இல். ஆங்கிலேயரிடம் அதை இழந்தது 1796இல். இந்த 140 வருசத்தில் உருவான தளபாடங்களைப் பார்க்க நல்ல இடம் புறக்கோட்டை பிரின்ஸ் வீதியில் இருக்கிற ஒல்லாந்தர் கால நூதனசாலை. 1692 முதல் 1697 வரை ஆளுநராக இருந்த தோமஸ் வன் றீ இருந்த வீடு அது. பிறகு பல வேலைகளுக்குப் பயன்பட்டு, தபாற்கந்தோராகவும் இருந்து, 1982இல் நூதனசாலை ஆகியது. கொட்டாஞ்சேனைக்காரருக்கு இன்னும் கிட்ட ஒரு இடம் இருக்கு: மேட்டில் நிற்கிற வுல்பெண்டால் தேவாலயம். 1749இல் அத்திவாரம் போட்டு, 1757இல் வழிபாட்டுக்குத் திறந்தது. அங்கே அந்தக் காலத்து மரவேலையை மியூசியக் கயிறு இல்லாமல் கிட்டப் போய்ப் பார்க்கலாம்.

அந்தக் காலத்துத் தச்சர்கள் பாவித்த மரங்களின் பெயர்களே ஒரு காட்டைப் போல இருக்கும். கருங்காலி, முதிரை, பலா, நெதுன். அதோட கலமந்தர் எண்டு ஒரு மரம், கருங்காலிக்குச் சொந்தக்காரன். கபில நிறத்தில் கறுப்பு வரி ஓடும். இலங்கையில் மட்டும் வளர்கிற அந்த மரத்தை வெட்டி வெட்டி, இப்ப காட்டில் காண்பதே அரிது. அதால, ஒரு பழைய அலுமாரியின் கதவு சில வேளை இல்லாமல் போன ஒரு காட்டின் மிச்சத் துண்டு. தேக்கு இந்தத் தீவின் மரம் இல்லை, ஒல்லாந்தர் காலத்தில் கொண்டுவந்து நட்டது. மகோகனி ஆங்கிலேயர் காலத்தில் வந்தது. ஆர்.எல். புரோகியர் 1969இல் எழுதிய, ஒல்லாந்தர் கால இலங்கைத் தளபாடம் பற்றிய புத்தகம் இந்த விசயத்தில் இன்றைக்கும் கனபேர் எடுத்துப் பார்க்கிற ஒன்று.

இங்க ஒரு முக்கியமான விசயம். இந்தத் தளபாடங்கள் செய்யப்பட்ட காலத்தில் இப்ப நாங்கள் ‘பழைய பொலிஷ்’ எண்டு சொல்லுற அந்தக் கண்ணாடி மினுக்கம் இல்லை. எண்ணெய், தேன்மெழுகு, சில வேளை பிசின் வார்னிஷ், இவ்வளவுதான். பிரெஞ்சுப் பொலிஷ் எண்டு சொல்லுற முறை ஐரோப்பாவிலேயே பரவினது 19ஆம் நூற்றாண்டின் முதல் பத்து இருபது வருசங்களில்தான். அப்ப ஒல்லாந்தர் கொழும்பை விட்டுப் போய்விட்டார்கள். அதால ஒரு கடைக்காரர் மினுங்குகிற அலுமாரி ஒன்றைக் காட்டி ‘ஒரிஜினல் டச்சுப் பொலிஷ்’ எண்டு சொன்னால் சிரிச்சுக்கொண்டு தலையாட்டலாம். அலுமாரி டச்சுக் காலத்தினதாக இருக்கலாம். மினுக்கம் ஆங்கிலேயர் காலத்தினது, அல்லது போன வருசத்தினது.

இப்படி மேற்பரப்பைப் பார்த்து ஏமாறுவது எங்கட ஊர்ப் பழக்கம் மட்டும் இல்லை. 17ஆம் நூற்றாண்டில் சோழமண்டலக் கரையிலும் இலங்கையிலும் கருங்காலியில் நெருக்கமாகப் பூவேலை செதுக்கிய கதிரைகள் கப்பலேறிப் போயின. நூறு வருசம் கழிய, ஹொரஸ் வால்போல் என்ற ஆங்கில எழுத்தாளர் அப்படியான கதிரைகளை வாங்கித் தன்னுடைய ஸ்ட்ரோபெரி ஹில் மாளிகையில் போட்டார். அவை இங்கிலாந்தின் டியூடர் அரசர் காலத்தவை எண்டு உறுதியாக நம்பினார். அவரைப் பார்த்து மற்றவர்களும் நம்பினார்கள். எங்கட கரையில் கருங்காலியைச் செதுக்கிய தச்சர்களின் கை ஆங்கிலேயரின் சொந்த வரலாறாக மாறி அந்த வரவேற்பறைகளில் கிடந்தது. கடையில் ‘டச்சு’ எண்டு ஒரு சீட்டு ஒட்டினால் இப்பவும் நடக்கிறது அதுதான். செய்தவர் மறைகிறார், வைத்திருந்த எசமானின் பெயர் மட்டும் நிற்கிறது.

பூச்சி தந்த மினுக்கம்

சரி, அந்தப் பிரெஞ்சுப் பொலிஷ் எண்டால் என்ன? மூலப்பொருள் அரக்கு. மரக்கொப்புகளில் கூட்டமாக ஒட்டி வாழுற ஒரு சின்னப் பூச்சி சுரக்கிற பிசின். கூடுதலாக இந்தியாவில் இருந்துதான் உலகத்துக்குப் போனது. அதைச் சுத்தம் செய்து மெல்லிய செதிலாக எடுத்து ஸ்பிரிட்டில் கரைத்தால் பொலிஷ். பழைய 78 கிராமபோன் இசைத்தட்டுகளும் இதே அரக்கில் செய்தவைதான். பாட்டிக் காலத்து வீட்டில் பாடின தட்டும், அது வைத்திருந்த அலுமாரியின் மினுக்கமும் ஒரே பூச்சியின் வேலை.

மரத்தில் அரக்குப் பூசுவது இங்க புதுசும் இல்லை. கொழும்பில் பிறந்த ஆனந்த குமாரசுவாமி 1908இல் வெளியிட்ட இடைக்காலச் சிங்களக் கலை பற்றிய நூலில், கண்டிப் பகுதி அரக்கு வேலையை விபரமாகப் பதிந்திருக்கிறார். கடைசல் மரத்தைச் சுழற்றி, சூட்டில் இளகின நிற அரக்கை அதில் பூசுவார்கள். மாத்தளைப் பக்கம் பெருவிரல் நகத்தாலேயே அரக்கு நூலை இழுத்துக் கோலம் போடுவார்கள். ஆங்கிலேயர் காலத்தில் புதிதாக வந்தது அரக்கு இல்லை, அதை ஸ்பிரிட்டில் கரைத்துத் துணியால் பூசுகிற முறைதான்.

அந்த முறையைச் செய்து பார்த்த ஆக்களுக்குத்தான் அதின்ர கஷ்டம் தெரியும். பஞ்சை ஒரு மெல்லிய துணிக்குள் வைத்துப் பொட்டலம் கட்டுவார்கள். பொலிஷைப் பஞ்சுக்கு ஊட்டி, துணியின் அடியில் ஒரு சொட்டு எண்ணெய் தொட்டு, வட்டமாக, எட்டுப் போல, பிறகு நீளமாகத் தேய்ப்பார்கள். கையை இடையில் நிப்பாட்டினால் அந்த இடத்தில் தழும்பு விழும். ஒரு நாளில் முடியாது. மெல்லிசாகப் பல தடவை, இடையில் காயவிட்டு, திரும்பவும். ஆனால் இதில் ஒரு பெரிய நன்மை இருக்கு. புதுப் படை பழைய படையைக் கொஞ்சம் கரைத்து அதோடு சேர்ந்துவிடும். அதால உரிக்காமலேயே புதுப்பிக்கலாம். பலவீனமும் அதுதான்: சூடான தேத்தண்ணிக் கோப்பை வைத்தால் வெள்ளை வட்டம், சாராயம் சிந்தினால் கரைந்துவிடும், கடற்காத்து ஈரத்தில் மங்கும். காலி வீதிக்கும் கடலுக்கும் இடையில் இருக்கிற வெள்ளவத்தை வீடுகளில் அலுமாரிகள் மங்கிப்போனதில் அதிசயம் இல்லை.

ஆங்கிலேயர் காலத்தில் தளபாடம் ஒரு கைத்தொழிலாகவே வளர்ந்தது. கொழும்புக்குத் தெற்கே மொரட்டுவை தச்சர்களின் ஊராகப் பெயர் எடுத்தது. 1860இல் தொடங்கிய டொன் கரோலிஸ் போன்ற நிறுவனங்கள் ஐரோப்பிய மாதிரிகளைப் பெரிய அளவில் செய்து விற்றன. யாழ்ப்பாணத்தில் ஆங்கிலம் படித்து, அரச கந்தோர்களில் கிளாக்கராகக் கொழும்புக்கு வந்தவர்கள், 20ஆம் நூற்றாண்டில் வெள்ளவத்தைப் பக்கம் வீடு எடுத்து இருக்கத் தொடங்கினபோது, அவர்களுடைய வீட்டுக்குள் வந்த அலுமாரி கூடுதலாக இந்த வகைதான். ஒல்லாந்த ஆளுநரின் அலுமாரி இல்லை. மாதச் சம்பளக்காரரின் அலுமாரி. சீதனத்தோடு வந்தது, தவணைக்கு எடுத்தது, வேலை மாறிப்போன ஆரோ விற்றுவிட்டுப் போனது.

காரில் இருந்து வந்த பூச்சு

அரக்குக்கு மேல் அடுத்த படை எங்க இருந்து வந்தது எண்டு கேட்டால் நம்ப மாட்டியள், கார்த் தொழிற்சாலையில் இருந்து. 1923இல் அமெரிக்காவில் டியூபோன்ட் நிறுவனம் டியூக்கோ எண்ட பெயரில் ஒரு லக்கர் கொண்டுவந்தது. அதுவரைக்கும் ஒரு காருக்குப் பெயின்ற் அடித்துக் காயவிட நாட்கணக்கு, வாரக்கணக்கு ஆகும். இது உடனே காயும், துப்பாக்கியால் விசிறலாம். கார் போன வழியில் தளபாடமும் போனது. இப்ப பாஸ்மார் ‘சீலர் போட்டு லக்கர் அடிக்கிறது’ எண்டு சொல்லுற வேலையின் மூலம் இதுதான். வட்டமாகத் தேய்க்கிற கையின் இடத்துக்கு விசிறுகிற துப்பாக்கி வந்தது. பல நாள் வேலை ஒரு பின்னேர வேலையாகியது.

அதுக்கு மேல இன்னொரு படையும் கன அலுமாரிகளில் இருக்கு: எனாமல் பெயின்ற். 1970 முதல் 1977 வரை இலங்கையில் இறக்குமதிக் கட்டுப்பாடு கடுமையாக இருந்தது. புதுச்சாமான் தேடி வாங்குகிற காலம் இல்லை, இருக்கிறதைத் திருத்திப் பாவிக்கிற காலம். அலுமாரிக்குக் கிறீம் அல்லது இளம்பச்சைப் பெயின்ற், மேசைக்கு மேல ஃபோர்மைக்கா. 1977க்குப் பிறகு திறந்த பொருளாதாரம் வந்து, இரும்பு அலுமாரியும் பிறகு அமுக்குப்பலகையும் வந்து, மர அலுமாரி பின்னறைக்குப் போனது. இப்ப ரீல்ஸில் ‘ஐயோ, இந்த நல்ல மரத்துக்கு ஏன் பெயின்ற் அடிச்சினம்?’ எண்டு கேட்கிறவர்கள் இந்தக் காலத்தைத்தான் கேள்வி கேட்கிறார்கள். பதில் லேசு. அந்த வீட்டுக்காரருக்கு அது ஒரு பழைய சாமான். பெயின்ற் அதைப் புதுசாக்கியது.

றோட்டுக்கு வந்த அலுமாரிகள்

இதுவரை சொன்னது எந்த ஊர் அலுமாரிக்கும் பொருந்தும். இனிச் சொல்லப்போறது எங்கட அலுமாரிகளுக்கு.

1958இல் வீடுகள் தாக்கப்பட்டு கொழும்புத் தமிழர் கப்பலில் வடக்குக்கு அனுப்பப்பட்டார்கள். 1977இல் திரும்பவும் வன்முறை. 1983 ஜூலை 23 இரவு யாழ்ப்பாணம் திருநெல்வேலியில் 13 இராணுவத்தினர் கொல்லப்பட்ட பிறகு, 24ஆம் திகதி இரவு பொரளையில் தொடங்கிய வன்முறை 25ஆம் திகதி வெள்ளவத்தை உட்பட நகரம் முழுக்கப் பரவியது. வாக்காளர் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு எது தமிழர் வீடு எண்டு பார்த்துப் போனார்கள். பல இடங்களில் தளபாடங்களை வெளியே இழுத்துப் போட்டு றோட்டில் வைத்தே கொளுத்தினார்கள். பாரதக் கதை கேட்டு வளர்ந்த ஆக்களுக்கு அரக்கு மாளிகை எப்படி எரியும் எண்டு தெரியும். அரக்கும் லக்கரும் பூசின காய்ந்த மரத்துக்கு அதிக நேரம் தேவைப்படாது.

1981இல் எரிக்கப்பட்ட யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன எண்டு நாங்கள் எல்லாரும் சொல்லுவம். அந்தக் கணக்கு இருப்பதற்குக் காரணம், நூலகத்துக்கு நூலகர் இருந்தார். வெள்ளவத்தை வீட்டு அலுமாரிகளுக்குள் இருந்த காணி உறுதி, சாதகம், கூறைச்சேலை, பள்ளிக்கூடச் சான்றிதழ், படங்கள் இவற்றுக்கு நூலகர் இல்லை. வீட்டில் பெரியாக்களைக் கேட்டால் எரிந்த வீட்டைப் பற்றிக் கொஞ்சமாகச் சொல்லுவினம். எரிந்த அலுமாரியில் எந்தத் தட்டில் என்ன இருந்தது எண்டதை மட்டும் வரிசையாகச் சொல்லுவினம்.

அதுக்குப் பிறகு பெரிய தளபாடம் வாங்குகிற மனமே கன குடும்பங்களுக்கு இல்லாமல் போனது. போர்க்காலத்தில் வடக்கில் இருந்து வெள்ளவத்தைக்கும் கொட்டாஞ்சேனைக்கும் வந்தவர்கள் லொட்ஜுகளில் இருந்தார்கள், பொலிஸ் பதிவுத் துண்டோடு, சூட்கேசோடு. 2007 ஜூன் 7 அதிகாலை இந்த லொட்ஜுகளில் இருந்த 300க்கும் மேற்பட்ட தமிழரைச் சாமான் கட்ட அரை மணித்தியாலமும் கொடாமல் பஸ்களில் ஏற்றி வவுனியா போன்ற இடங்களுக்கு அனுப்பினார்கள். அடுத்த நாள் உயர் நீதிமன்றம் தடை போட்டது. அப்படி வாழ்ந்த ஒரு சனத்துக்கு ஆறடி உயரத்தில், நாலு பேர் சேர்ந்து தூக்குகிற ஒரு அலுமாரி எண்டால் என்ன அர்த்தம் எண்டு யோசிச்சுப் பாருங்கோ. இனி இங்கயே இருப்பம் எண்டு நம்புகிறவர்தான் அலுமாரி வாங்குவார்.

யாருடைய பழமை?

1940ஆம் ஆண்டின் தொல்பொருள் கட்டளைச் சட்டம் எழுதப்பட்டபோது, எது தொல்பொருள் எண்டதுக்கு ஒரு திகதி போட்டார்கள்: 1815 மார்ச் 2. கண்டி ஒப்பந்தம் கைச்சாத்தான நாள். அந்த நாளுக்கு முந்தியது நாட்டின் பழமை. இந்த எல்லைக்குள் ஒல்லாந்த ஆளுநரின் அலுமாரி வரும். 1920இலோ 1930இலோ கிளாக்கர் ஒருவர் மொரட்டுவைத் தச்சரிடம் வாங்கின அலுமாரி வராது. சட்டத்தில் பிழை பிடிக்க இதைச் சொல்லேல்ல, எங்கயாவது ஒரு கோடு போடத்தான் வேணும். ஆனால் எங்கட சாமான்களை நாங்கள் பார்க்காட்டி வேற ஆரும் பார்க்கப்போறதில்லை எண்டு அந்தத் திகதி சொல்லுது.

காரைக்குடியைப் பாருங்கோ. கொழும்புச் செட்டியார் தெருவில் வட்டிக்கடை வைத்திருந்த நாட்டுக்கோட்டைச் செட்டியார்களின் சொந்த ஊர்ப் பக்கம். பர்மாத் தேக்கில் கட்டின அவர்களுடைய பெரிய வீடுகள் பாகம் பிரிக்க முடியாமல், பராமரிக்க முடியாமல் பிரித்து விற்கப்பட்டன. அங்க முனீஸ்வரன் கோயில் தெருவில் வரிசையாகப் பழம்பொருள் கடைகள். தூண், கதவு, அலுமாரி, சாமிப்படம் எல்லாம் தனித்தனியாகக் கிடைக்கும். எந்த வீட்டுத் தூண் எண்டு மட்டும் கிடைக்காது. வெள்ளவத்தையிலும் பழைய வீடுகளை உடைத்து மாடிக் குடியிருப்பு கட்டும்போது இதுதான் நடக்குது. லிஃப்டுக்குள் போகாத அலுமாரி முதலில் விலைப்படும். வெளிநாட்டுக்குப் போறவர்கள் அவசரத்தில் விற்றதும் அதே கடைகளுக்குத்தான் போகும். அங்க அது உரிக்கப்பட்டு, மினுக்கப்பட்டு, ‘டச்சு’ ஆகி, இன்னொரு வீட்டுக்குப் போகும். பொலிஷோடு சேர்ந்து குடும்பமும் உரிந்து போகும்.

வாசிக்கிற விதம்

அப்ப என்ன செய்யலாம்? பெரிய படிப்பு ஒண்டும் வேண்டாம். ஒரு டோர்ச், ஒரு ஃபோன், கொஞ்சம் பொறுமை போதும்.

முதலில் லாச்சிகளை முழுக்க வெளியே எடுங்கோ. அடிப்பக்கத்தையும் அலுமாரியின் முதுகையும் பாருங்கோ, அங்க ஆரும் பொலிஷ் போட மாட்டினம். கைவாளால் அறுத்த பலகையில் கீறல் நேராக, ஒழுங்கில்லாமல் இருக்கும். வட்டவாள் அறுத்ததில் வில் மாதிரி வளைந்த கீறல் இருக்கும். முதுகில் ஒட்டுப்பலகை எண்டால் அது 20ஆம் நூற்றாண்டு வேலை, அல்லது பிறகு மாற்றினது. ஆணித்திருகு ஒன்றைக் கழட்டிப் பாருங்கோ. நுனி மொட்டையாக இருந்தால் 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்கு முந்தினதாக இருக்கலாம், ஏனெண்டால் கூர் நுனித் திருகு பரவினது அந்தக் காலத்தில்தான். தலையில் நட்சத்திர வெட்டு இருந்தால் அது 1930களுக்கு முந்தினது இல்லை.

லாச்சிக்கு அடியில் விரித்த பேப்பரை உடனே கிழித்து எறியாதேங்கோ. வீரகேசரி தொடங்கியது 1930இல், தினகரன் 1932இல். ஒரு கிழிந்த பக்கத்தின் திகதி அந்த அலுமாரி எப்ப யாருடைய கையில் இருந்தது எண்டு சொல்லும். கதவின் உட்பக்கத்தில் பென்சிலால் எழுதின பால் கணக்கு, பிள்ளைகளின் உயரக் கோடு, ஒட்டின சாமிப்படத்தின் பசைத் தடம் எல்லாத்தையும் படம் எடுங்கோ.

பிறகு படைகள். கண்ணுக்குப் படாத இடத்தில் ஒரு குத்திக்காசு அளவுக்கு, நடுவில் ஆழமாகவும் ஓரத்தில் ஆழம் குறைவாகவும் மெதுவாகத் தேயுங்கோ. மரத்தின் வளையம் மாதிரி ஒவ்வொரு பூச்சும் ஒரு வட்டமாகத் தெரியும். நூதனசாலைக்காரரும் இப்படித்தான் செய்வார்கள். என்ன பூச்சு எண்டு அறிய, பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு வையுங்கோ. ஒட்டுப்பட்டால் அரக்கு. ஸ்பிரிட்டுக்கு அசையாமல் தின்னருக்கு இளகினால் லக்கர். இரண்டுக்கும் அசையாவிட்டால் பெயின்ற் அல்லது புதுக் காலத்து வார்னிஷ். அரக்கு எண்டால் உரிக்கத் தேவையே இல்லாமல் இருக்கலாம். ஊத்தையைத் துடைத்து, மேல ஒரு மெல்லிய படை போட்டாலே உயிர் வந்துவிடும்.

உரிக்கத்தான் வேணும் எண்டால் சில எச்சரிக்கைகள். கோஸ்டிக் சோடாத் தொட்டியில் முக்குகிற வேலை வேண்டாம். மரம் கறுக்கும், பழைய வச்சிரப்பசை இளகி மூட்டுக் கழரும். பழைய எனாமலில் ஈயம் இருக்கலாம், அதைக் காய்ந்தபடி தேய்த்துத் தூள் பறக்கவிடக் கூடாது, அதுவும் சின்னப் பிள்ளைகள் இருக்கிற வீட்டில். சில இரசாயன உரிப்பான்களில் இருக்கிற மெதிலீன் குளோரைட் மூடிய அறையில் ஆளைக் கொல்லக்கூடியது. அமெரிக்காவில் வீட்டுப் பாவனைக்கு அதை 2019இல் தடை செய்தார்கள். எல்லாத்துக்கும் மேல, ஒரு இடத்தையாவது, ஒரு கதவின் உட்பக்கத்தையாவது, தொடாமல் விடுங்கோ. பிறகு வாற ஆரோ ஒருவர் அதைப் பார்த்து முழுக் கதையையும் திரும்பக் கட்டலாம்.

இதுக்கெல்லாம் எதிராக ஒரு நியாயம் இருக்கு, அதையும் சொல்ல வேணும். அலுமாரி பாவிக்கிற சாமான். அதைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்க ஏலாது. பொலிஷ் எண்டதே திரும்பத் திரும்பப் போடுறதுக்குத்தான். பாஸ்மாருக்கும் வேலை வேணும். உண்மைதான். ஒவ்வொரு தலைமுறையும் தன்னுடைய படையைப் போட்டுத்தான் போனது. நாங்களும் போடலாம். எங்கட படை முந்தின எல்லாப் படைகளையும் வழித்துத்தான் வரவேணும் எண்டு கட்டாயம் இல்லை, அவ்வளவுதான் எங்கட வாதம்.

கடைசியாக ஒரு சின்ன வேலை. வீட்டில் ஒரு பழைய அலுமாரி இருந்தால், அல்லது கடையில் ஒன்றை வாங்கினால், அதின்ர கதையை, அதாவது ஆர் வாங்கினது, எந்த வீட்டில் நின்றது, எப்ப பெயின்ற் அடித்தது, 83இல் எப்படித் தப்பினது எண்டதை, ஒரு கடதாசியில் எழுதி முதுகுப்பலகையில் ஒட்டிவிடுங்கோ. கடைக்காரரிடம் எந்த ஊரில் இருந்து வந்தது எண்டு கேட்டு, அவர் சொல்லுறதையும் எழுதுங்கோ. இதைச் சொல்லக்கூடிய அம்மம்மாமாரும் அப்பப்பாமாரும் இப்ப இருக்கினம். பொலிஷ் இன்னும் பத்து வருசம் காத்திருக்கும்.